பறக்கவிட ஒரு மைதானம்

இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஏழேகால் அடி. எடை பன்னிரண்டு கிலோ. மூக்கில் 50 சி.சி. பெட்ரோல் இன்ஜின், ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமமெல்லாம் ஓடிய மொபெட்டில் இருந்த அதே அளவு. நூறு கிலோமீட்டர் வேகத்தை அலட்டிக்கொள்ளாமல் தொடும். மேலே போனதும் சக்கரங்களை இறக்கைக்குள் மடக்கிக்கொள்ளும். தரையில் ரிமோட்டோடு நிற்கிற ஆள் கட்டை விரலைக் கொஞ்சம் தப்பாக அசைத்தால் போதும், ஒன்றரை வருஷ உழைப்பு மூன்று விநாடியில் விறகு.

இதற்கு நம்மூரில் வைத்திருக்கும் பெயர், பொம்மை.

"எரும மாடு மாதிரி வளந்துட்டு இன்னும் பொம்மை விட்டுக்கிட்டு இருக்கான்" என்று வீட்டில் சொல்வார்கள். "சார், இது என்ன ட்ரோனா? பர்மிஷன் இருக்கா?" என்று வெளியில் கேட்பார்கள். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, நம் ஊரில் ஒரு நல்ல கலை மூச்சுத் திணறுகிறது. பழைய போர் விமானங்களை நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு அளவில் அச்சு அசலாகச் செய்து, ரேடியோ மூலம் பறக்கவிடுகிற கலை. ஆங்கிலத்தில் 'ஜயன்ட் ஸ்கேல்' என்பார்கள். ஒற்றை இறக்கை விமானம் என்றால் 80 அங்குலம், இரட்டை அடுக்கு இறக்கை என்றால் 60 அங்குலம். அதற்குக் குறைந்தால் ஜயன்ட் கோஷ்டியில் சேர்க்க மாட்டார்கள்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது பொம்மையும் இல்லை, ஆபத்தான மர்மப் பொருளும் இல்லை. விமானம் என்றால் என்ன என்பதைக் கையால் கற்றுக்கொள்ள இருக்கிற மலிவான, முழுமையான வழி. விமானப் படிப்புக்கென்று இத்தனை கல்லூரிகள் வைத்திருக்கிற செங்கல்பட்டு மாவட்டம், இதற்கு ஒரு மைதானம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பக்கம் வீடு. வயசு இருபத்திரண்டு. அவன் ஒரு ஸ்பிட்ஃபயர் செய்ய ஆசைப்படுகிறான்.

வெள்ளைக்காரன் விமானம் நமக்கெதற்கு என்று உடனே கேட்காதீர்கள். 1940ல் ஜெர்மனி லண்டன்மேல் குண்டு போட்டபோது, போர் விமானம் வாங்க மெட்ராஸ் மாகாணத்தில் நிதி திரட்டினார்கள். 'மெட்ராஸ் மெயில்' பத்திரிகையே அதற்கு முன்னால் நின்றது. நன்றிக் கடனாக பிரிட்டிஷ் விமானப் படையின் 79, 234, 264 எண்ணுள்ள மூன்று ஸ்குவாட்ரன்களின் பெயரோடு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று சேர்த்தார்கள். அதில் 234 ஓட்டியது ஸ்பிட்ஃபயர். செங்கல்பட்டு ஜில்லாவும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. பிறகு பர்மா போர்முனையில் இந்திய விமானப் படையின் 8வது ஸ்குவாட்ரனே ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. ஆக, உடம்பில் மெட்ராஸ் பெயரை எழுதிக்கொள்ள உரிமையுள்ள விமானம் அது. நம் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது. அந்தப் பையன் அந்த வரியை மரத்தில் எழுதப் பார்க்கிறான்.

அசல் ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 36 அடி 10 அங்குலம். ஐந்தால் வகுத்தால் 88 அங்குலம். இதுவரை எல்.கே.ஜி. கணக்கு. அடுத்து வருவதுதான் வில்லங்கம். நீளத்தை ஐந்தால் வகுத்தால் இறக்கைப் பரப்பு 25ல் ஒன்றாகிறது. எடையோ 125ல் ஒன்று. ஆரம்பகால ஸ்பிட்ஃபயர் சுமார் 2,600 கிலோ. 125ஆல் வகுத்தால் 21 கிலோ வருகிறது. அந்த எடையில் செய்தால் தரையிறங்கும்போது வேகம் குறையாது. குறைத்தால் கல் மாதிரி விழும். எனவே கிட்டத்தட்ட பாதி எடையில் செய்தாக வேண்டும். இன்னொன்று, விமானத்தைச் சின்னதாக்கலாம், காற்றைச் சின்னதாக்க முடியாது. பெரிய இறக்கையைத் தழுவிப் போகிற காற்று சின்ன இறக்கையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இதையெல்லாம் நாலு செமஸ்டர் மனப்பாடம் செய்து எழுதலாம். ஒரு தடவை செய்து பார்த்தவனுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

மரம்? பால்சா. தேக்கின் எடையில் கால் பங்குதான். உலகத்துக்குப் பெரும்பாலும் ஈக்வடார் நாட்டிலிருந்து வருகிறது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீள்வட்டமாக வளைந்து போவதால், உள்ளே இருக்கிற விலா எலும்புகளில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்து, வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். மேலே மெல்லிய பால்சாத் தகடு. அதற்குமேல் கண்ணாடி இழைத் துணி, எபாக்ஸி. அதற்குப் பிறகும் உப்புத்தாள். வீட்டில் சாம்பார் வரைக்கும் மரத்தூள் விழும்.

இங்கேதான் மாமல்லபுரம் கடற்கரை உதவிக்கு வருகிறது. சுனாமிக்குப் பிறகு இந்தக் கடலோரக் குப்பங்களில் கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. கண்ணாடி இழைத் துணியை விரித்து, காற்றுக் குமிழி இல்லாமல் ரெசின் தடவி, கெட்டிப்படுத்துகிற கை அங்கே இருக்கிறது. படகு ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் ஒரு வாரம் உட்கார்ந்தால், லேப் கையேட்டில் இல்லாத பாடம் கிடைக்கும்.

ஈயமும் அங்கேயே கிடைக்கும். அசல் ஸ்பிட்ஃபயரின் மூக்கில் அரை டன்னுக்கு மேல் எடையுள்ள மெர்லின் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. மாடலின் இன்ஜின் அந்த விகிதத்தில் நோஞ்சான். எனவே வால் கனத்துவிடும். எடையின் மையம் இறக்கை அகலத்தின் முன்பக்கத்திலிருந்து சுமார் 25, 30 சதவீதத்தில் விழ வேண்டும். அரை அங்குலம் பின்னால் போனாலே விமானம் அடங்காத காளை. இதைச் சரிக்கட்ட மூக்கில் ஈயம் வைப்பார்கள். வலையில் கட்டுகிற ஈயக்குண்டு போதும். வாலில் நூறு கிராம் கூடிப்போனால் மூக்கில் அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வைக்க வேண்டியிருக்கும். அதனால் வாலில் பூசுகிற பெயின்டைக்கூட யோசித்துப் பூசுவான் பையன். பொறியியல் என்று நாம் சொல்கிறோமே, அது இதுதான்.

இப்போது ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் வரிசையாக நிற்கும் கல்லூரிகளைப் பாருங்கள். ஏரோநாட்டிக்கல், ஏரோஸ்பேஸ் என்று போர்டு. நாலு வருஷம் படித்த எத்தனை பேர் தன் கையால் ஒரு இறக்கை செய்து அது பறப்பதைப் பார்த்திருக்கிறார்கள்? எஸ்.ஏ.இ. இந்தியா நடத்துகிற ஏரோ டிசைன் போட்டிக்காகச் சில குழுக்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்கின்றன. அவர்களுக்கு ஒரு சல்யூட். மற்றவர்கள்? பட்டம் வாங்கி, நேரே சிறுசேரிக்கோ மஹிந்திரா சிட்டிக்கோ போய் யாரோ ஒரு அமெரிக்க வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள். தப்பில்லை, சோறு முக்கியம். ஆனால், விமானத்தைத் தொடாத விமான இன்ஜினீயரைத் தயாரித்துவிட்டு, 'பாதுகாப்புத் தொழில் வழித்தடம்' என்று மேடையில் பேசுவது எந்த ஊர் நியாயம்?

விமானம் எப்போதுமே மாடலிலிருந்துதான் பிறந்திருக்கிறது. 1878ல் ஒரு அப்பா தன் பையன்களுக்கு ரப்பர் பேண்டில் சுழன்று மேலே போகிற பொம்மை வாங்கிவந்தார். பையன்கள் பெயர் வில்பர், ஆர்வில். வீட்டுப் பெயர் ரைட். ஸ்பிட்ஃபயரை வடிவமைத்த ஆர்.ஜே.மிட்செல் சின்ன வயசில் மாடல் விமானப் பைத்தியம். நம் கதைக்கு வாருங்கள். இந்தியாவில் வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானமான ஹெச்.எஃப்.-24 மாருத், 1961ல் முதல்முதலாகப் பறந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1959ல், அதே அளவில் இன்ஜின் இல்லாத மரக் கிளைடர் ஒன்று செய்து, பலமுறை பறக்கவிட்டுச் சோதித்துவிட்டார்கள். ஹெச்.ஏ.எல். செய்த மர மாடல். அதைப் பார்த்து யாரும் பொழப்பத்த வேலை என்று சொல்லவில்லை.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் படித்த காலத்தில், பறப்பதிலிருந்து ஓய்வு கொடுத்த இரண்டு விமானங்களை வளாகத்தில் வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். இன்று அந்தக் குரோம்பேட்டை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. தெருவுக்குத் தெரு கலாம் படம் மாட்டியிருக்கிறோம். 'கனவு காணுங்கள்' என்று கீழே எழுதியிருக்கிறோம். கனவைச் செய்து முடித்து, தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறவனிடம், "எங்கே கொண்டு போற?" என்று கேட்கிறோம்.

அதானே, எங்கே கொண்டு போவான்?

பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோடையில் வற்றிய ஏரியில் இறங்கினால் ஆடு மேய்கிறது. நாலு பக்கமும் பிளாட் போட்டுவிட்டார்கள். கடற்கரையில் கருவாடு காய்கிறது, டூரிஸ்ட் செல்ஃபி எடுக்கிறான், பகல் பதினொரு மணிக்குமேல் கடல்காற்று தூக்கி அடிக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? ஆச்சரியமாக இருக்கும், சட்டம் அவ்வளவு மோசமில்லை. 2021ல் வந்த ட்ரோன் விதிகளில் மாடல் விமானத்துக்கென்று தனி வகையே வைத்தார்கள். 25 கிலோவுக்கு மிகாமல், கண்பார்வைக்கு எட்டும் தூரத்தில், படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ பறந்தால் டைப் சான்றிதழ் வேண்டாம் என்றார்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டாம் என்றார்கள். சந்தோஷம். ஆனால், இரண்டு கிலோவைத் தாண்டினால் ரிமோட் பைலட் சான்றிதழ் கேட்கிறார்கள். பயிற்சி மையத்துக்குப் போனால் பெரும்பாலும் மருந்து தெளிக்கிற, படம் எடுக்கிற மல்டிரோட்டர் ட்ரோனைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது கையை விட்டாலும் அந்தரத்தில் நிற்கும். ஸ்பிட்ஃபயர் கையை விட்டால் பூமியில் நிற்கும். மாட்டு வண்டி ஓட்டுவதற்கு ஆட்டோ லைசென்ஸ் கேட்பது மாதிரி.

சுங்கத்துறை வேறு கட்சி. அளவு குறைத்த மாடல்கள் எல்லாம் அவர்கள் பட்டியலில் விளையாட்டுச் சாமான் வரிசையில் வருகின்றன. விளையாட்டுச் சாமான்மீதான அடிப்படைச் சுங்க வரியை 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள். 2023ல் 70 ஆக்கினார்கள். உள்நாட்டு பொம்மைத் தொழிலைக் காப்பாற்ற என்றார்கள், சரி. ஆனால், மாடல் கிட்டுக்கும் அதே அடி விழுகிறதே.

ஆக, வரி வாங்கும்போது அது பொம்மை. பறக்கும்போது அது விமானம். ரோந்து வருகிற கான்ஸ்டபிளுக்கு அது சந்தேகத்துக்குரிய பொருள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து, அது என்னவென்று ஒரு முடிவுக்கு வந்தால் பையன் கேட்டுக்கொள்வான்.

எதிர்க்கட்சி வாதங்களையும் பார்த்துவிடலாம்.

ஆபத்து என்கிறார்கள். ஆமாம், ஆபத்துதான். பன்னிரண்டு கிலோ விமானம் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், ஐம்பது கிலோ அரிசி மூட்டை மூன்றாவது மாடியிலிருந்து தலையில் விழுகிற மாதிரி. மறைக்க ஒன்றுமில்லை. சிக்னல் அறுந்தால் இன்ஜினை நிறுத்துகிற ஏற்பாடு ரிசீவரிலேயே உண்டு. அதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. அதனால்தான் ஐயா மைதானம் கேட்கிறோம்! கிரிக்கெட் பந்து பட்டும் செத்திருக்கிறார்கள். அதற்காக கிரிக்கெட்டைத் தடை செய்தோமா, ஸ்டேடியம் கட்டினோமா? மைதானம் கொடுக்காவிட்டால் ஆசை அடங்கிவிடாது. அது பைபாஸ் ஓரத்துக்கும் விடிகாலைக் கடற்கரைக்கும் ஒளிந்து ஒளிந்து போகும். ஆபத்து அங்கேதான்.

பாதுகாப்பு என்கிறார்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது, தாம்பரத்தில் விமானப் படைத் தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால், பெயர், முகவரி, பதிவு எண், இன்ஷூரன்ஸ் எல்லாம் கொடுத்து ஒரே மைதானத்தில் பட்டப்பகலில் நூறு பேர் பார்க்கப் பறக்கவிடுகிறவன் சந்தேகத்துக்குரிய ஆளா, இல்லை மொட்டை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறவனா? இங்கிலாந்தில் பெரிய மாடல்காரர்களின் சங்கம் தன் கண்காட்சியை காஸ்ஃபோர்டு விமானப் படைத் தளத்திலேயே வருஷா வருஷம் நடத்தி வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1936லிருந்து இருக்கிற மாடல் விமான சங்கத்துக்கு மன்சி என்ற ஊரில் ஆயிரம் ஏக்கர் சொந்தமாக இருக்கிறது. அவர்களுக்கு தேசப் பாதுகாப்பு பற்றித் தெரியாதா?

பணக்காரன் விளையாட்டு என்பது மூன்றாவது வாதம். இன்றைய நிலையில் பாதி உண்மை. செலவு லட்சத்தைத் தொடும். நடிகர் அஜித் குமாருக்கு இதில் ஆசை வந்தது, செய்தார், பறக்கவிட்டார். 2018ல் எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' மாணவர் குழுவுக்கு ஆலோசகராகவும் போனார். அந்தக் குழு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது. நாமெல்லாம் கை தட்டினோம். அதே வேலையை எதிர்வீட்டுப் பையன் செய்தால் "உருப்படாதவன்" என்கிறோம். பணக்காரன் மட்டும் செய்கிற விஷயமாக அது இருப்பதற்குக் காரணம், பொது இடம் இல்லாததுதான். பத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு பட்டறையும் ஒரு ஓடுபாதையும் வைத்துக்கொண்டால், ஒரு விமானத்தை இருபது பேர் சேர்ந்து செய்யலாம். தலைக்கு என்ன செலவு ஆகும்? ஒரு செமஸ்டரில் பிரியாணிக்குச் செலவழிப்பதைவிடக் குறைவு.

இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2018 ஏப்ரலில் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருவிடந்தையில், பிரம்மாண்டமான ராணுவக் கண்காட்சி நடத்தினார்கள். டாங்கியும் பீரங்கியும் வந்து நிற்க இடம் இருந்தது. 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசக் காற்றாடித் திருவிழா நடந்தது. 2024ல் அது திருவிடந்தைக்குப் போனது. வெளிநாட்டுக்காரர்கள் ராட்சதத் திமிங்கலத்தைப் பறக்கவிட இடம் இருந்தது. 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமானப் படை சாகசம் காட்டியபோது பல லட்சம் பேர் வெயிலில் வந்து நின்றார்கள். ஐந்து பேர் உயிரிழந்த அந்தச் சோகம் மறக்கக் கூடியதல்ல. ஆனாலும் அந்தக் கூட்டம் ஒன்றைச் சொன்னது: தமிழனுக்கு விமானம் பிடிக்கும். அண்ணாந்து பார்க்க மட்டும் அனுமதிக்கிறோம்.

இது ஒன்றும் நமக்குப் புதுப் பழக்கமும் இல்லை. 1910ல் மௌன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனிப் பட்டறையின் உதவியோடு சொந்தமாக ஒரு விமானம் செய்து பல்லாவரத்தில் பறக்கவிட்டார். நம் பக்கத்து வானத்தில் முதலில் பறந்தது, ஒரு ஹோட்டல்காரரின் பொழுதுபோக்கு! அதற்கும் முன்னால் போக வேண்டுமா? மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்கள் நிற்கின்றனவே, அவை என்ன? மரத்திலும் செங்கல்லிலும் கட்டிய கோயில் வகைகளை ஒற்றைப் பாறையில் விதவிதமாகச் செதுக்கிப் பார்த்த மாடல்கள். உத்திரம்கூட மரத்தில் இருந்த மாதிரியே கல்லில் இருக்கிறது. வேலையே முடியவில்லை. பல்லவ ராஜாவிடம் போய் "பொம்மை செய்யறீங்களா?" என்று எவனும் கேட்டிருக்க மாட்டான்.

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. விமானத் தளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் தள்ளி, பச்சை மண்டலத்தில், சுற்றிலும் வீடில்லாத பத்து ஏக்கர். இருநூறு மீட்டருக்கு ஒரு சமதளமான ஓடுபாதை. பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் ஒரு வேலி. கடல்காற்று எழும்புவதற்கு முன், காலை ஆறிலிருந்து பத்து மணி வரை. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இதை எடுத்து நடத்தலாம். கல்லூரிகள் பராமரிப்புச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும். சான்றிதழ் தேர்வையும் அங்கேயே, இறக்கை வைத்த விமானத்தில் வைக்கட்டும். மதுராந்தகம் பக்கம் பார்க்கலாம், செய்யூர் பக்கம் பார்க்கலாம். வேடந்தாங்கல் மட்டும் வேண்டாம். அங்கே ஏற்கெனவே நல்ல பைலட்டுகள் இருக்கிறார்கள்.

திருக்கழுக்குன்றம் தாலுகாவில் கிடைத்தால் ரொம்பப் பொருத்தம். அந்த மலையில் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போகும். அதைப் பார்க்க ஊரே அண்ணாந்து காத்திருக்கும். பல வருஷமாக அவை வருவதில்லை. அந்த வானத்துக்கு ஒரு ஸ்பிட்ஃபயராவது வரட்டுமே!